ஈயத்தை ஈயத்தோடு மோதவிட்டு எதை அளக்கிறார்கள்?

ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தில் ஈய அணுக்கருக்களை மோதவிடும் செய்தி அவ்வப்போது நம் பத்திரிகைகளில் வரும். ‘குட்டிப் பெருவெடிப்பு’ என்றோ ‘சூரியனின் மையத்தைவிட லட்சம் மடங்கு சூடு’ என்றோ தலைப்பு இருக்கும், அதோடு சரி. அந்தச் சூட்டை எப்படி அளந்தார்கள், அளந்தது சரிதான் என்று எதை வைத்து நம்புவது என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. எனக்கென்னவோ முழு விஷயமும் அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. அந்தத் தீக்கோளம் இருப்பது சுமார் 3×10⁻²³ விநாடிதான்; அந்த நேரத்தில் ஒளியால்கூட ஓர் ஈய அணுக்கருவின் அகலத்தைத் தாண்ட முடியாது. எந்தக் கருவியும் அதைப் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப்போவதில்லை. அது அணைந்த பிறகு சிதறி வரும் துகள்கள் மட்டும்தான் கைக்குக் கிடைக்கின்றன. அவற்றை எண்ணி, இனம் பிரித்து, எதனோடாவது ஒப்பிட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் சொல்கிறார்கள். அந்த ‘எதனோடு’ என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் இந்தத் துறையின் மொத்த உழைப்பும் போகிறது.

இதைச் செய்த இடங்கள் முக்கியமாக இரண்டு. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ரிக் என்ற மோதுகலம் 2000இல் தங்க அணுக்கருக்களோடு தொடங்கியது. நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) இணைக்கு 200 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வரை போனது. செர்னின் மோதுகலமான எல்.எச்.சி. 2010 நவம்பரில் ஈயத்தோடு வந்து 2.76 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் ஆரம்பித்தது, 2015இல் 5.02க்கு ஏறியது. ஈயத்தில் 82 புரோட்டான், 126 நியூட்ரான். அந்த வேகத்தில் வரும் அணுக்கரு நம் பார்வையில் ஓடும் திசையில் 2500 மடங்குக்கு மேல் சப்பையாகிவிடும், அதாவது உருண்டை என்று நினைத்துக்கொண்டிருப்பது தகடாக வந்து தகட்டில் மோதுகிறது. மோதிய பகுதியில் புரோட்டான், நியூட்ரான் என்ற தனித்தனி அடையாளம் அழிந்து, அவற்றின் உள்துகள்களான குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கலந்த பிளாஸ்மா உண்டாகிறது, விரிகிறது, குளிர்கிறது, மறுபடி சாதாரணத் துகள்களாக உறைகிறது. 2.76 டெராவில் நேருக்கு நேர் மோதும் ஈயத்தில், கற்றையிலிருந்து சுமார் 62 டிகிரிக்கும் 118 டிகிரிக்கும் இடைப்பட்ட நடுப்பட்டையில் மட்டும் கிட்டத்தட்ட 1600 மின்னூட்டத் துகள்கள் வெளிவருகின்றன. பெரும்பாலும் பையான்கள், கொஞ்சம் கேயான்கள், புரோட்டான்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒவ்வொன்றையும் தனியாகத் தொடர வேண்டும். எல்.எச்.சி.யின் ஆலிஸ் என்ற ஆய்வுக் கருவி அதற்காகவே கட்டப்பட்டது. பிரான்ஸ் எல்லைக்குள், செயின்ட் ஜெனி பூயி என்ற ஊருக்குக் கீழே நிலத்தடியில் இருக்கிறது. 10,000 டன் எடை, 26 மீட்டர் நீளம். அதன் நடுவில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் விட்டத்தில் ஒரு வாயு உருளை, உள்ளே பெரும்பாலும் நியான். உருளையின் நட்டநடுவே 1 லட்சம் வோல்ட் மின்வாய். மின்னூட்டத் துகள் ஒன்று வாயுவுக்குள் ஓடினால் வழியெல்லாம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டுக்கொண்டே போகும். அந்த எலக்ட்ரான்கள் மின்புலத்தில் மெல்ல நகர்ந்து இரண்டு முனைத் தகடுகளில் ஒன்றில் போய் விழும், அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன உணர்தகடுகள் காத்திருக்கின்றன. எந்தத் தகட்டில் விழுந்தது என்பது இரண்டு ஆயங்களைத் தருகிறது, எவ்வளவு நேரம் கழித்து விழுந்தது என்பது மூன்றாவது ஆயம். நடுவிலிருந்து முனைக்கு 2.5 மீட்டர், அதைக் கடக்க 90 மைக்ரோ விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நேரத்தை நீளமாக மாற்ற வேண்டுமென்றால் எலக்ட்ரான் நகரும் வேகம் மாறவே கூடாது, ஆனால் அது வாயுவின் வெப்பநிலையைப் பொறுத்தது. அதனால்தான் ஓர் அறை அளவுள்ள அந்த உருளை முழுவதையும் 0.1 டிகிரிக்குள் சீராக வைத்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் ஒரு மோதலைப் பதிவுசெய்ததும் வாயிலை மூடி, மிச்சமிருக்கும் அயனிகளை வடியவிட்டு, பிறகுதான் அடுத்ததை எடுக்க முடிந்தது. இப்போது முனைகளில் நுண்துளைகள் இட்ட செம்புப் பூச்சுப் படலங்கள் இருக்கின்றன, வாயில் மூடுவதே இல்லை. விநாடிக்கு 50,000 ஈய மோதல்கள், அதாவது சராசரியாக 20 மைக்ரோ விநாடிக்கு ஒன்று. எலக்ட்ரான் முனைக்குப் போய்ச்சேர 90 மைக்ரோ விநாடி ஆகிறது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்: எந்த நொடியில் பார்த்தாலும் உருளைக்குள் நாலைந்து மோதல்களின் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எது எந்த மோதலுடையது என்று பிரிக்க வேண்டும். அதுவும் தவிர, வாயுவில் தேங்கும் அயனிகளே மின்புலத்தை வளைத்துத் தடங்களைச் சென்டிமீட்டர் கணக்கில் இடம் மாற்றிவிடும், அதைத் திருத்தி மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுவர வேண்டும். விநாடிக்கு 3 டெராபைட்டுக்கு மேல் வரும் தரவில் இது ஓடிக்கொண்டே நடக்கிறது.

தடம் கிடைத்துவிட்டது என்றால் அடுத்த கேள்வி, இது யார்? 0.5 டெஸ்லா காந்தப்புலத்தில் தடம் வளைகிறது; வளைவின் ஆரம் உந்தத்தைச் சொல்லிவிடும். 1 கிகா எலக்ட்ரான் வோல்ட் உந்தம் இருந்தால் ஆரம் சுமார் 6.7 மீட்டர். ஆனால் உந்தம் மட்டும் தெரிந்தால் இனம் தெரியாது, ஒரே உந்தத்தில் பையானும் போகலாம், புரோட்டானும் போகலாம். வேகமும் தெரிந்தால் நிறை கிடைத்துவிடும். ஒரு வழி, வாயுவில் எவ்வளவு அடர்த்தியாக எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டது என்று பார்ப்பது. மெதுவாகப் போவது அதிகம் தட்டிவிடும். ஆனால் சுமார் 1 கிகாவுக்குப் பக்கத்தில் பையானின் கோடும் கேயானின் கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன, அங்கே இந்த வழி கைவிட்டுவிடும். அப்போது நேரம் உதவுகிறது. மோதல் புள்ளியிலிருந்து 3.7 மீட்டர் தள்ளி ஒரு நேரமானிச் சுவர் இருக்கிறது. நேர்கோட்டுத் தூரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 1 கிகா உந்தமுள்ள பையான் அங்கே வர 12.5 நானோ விநாடி, கேயான் 13.8, புரோட்டான் 16.9. கருவியின் துல்லியம் 0.1 நானோ விநாடிக்கும் கீழே. ஆகவே அந்த உந்தத்தில் மூன்றும் பளிச்சென்று பிரிந்துவிடும். இன்னும் மேலே போகப்போக எல்லாமே ஒளியின் வேகத்தை நெருங்கி இடைவெளி சுருங்கிவிடும், அங்கே வேறு உத்திகள்.

மின்னூட்டம் இல்லாத துகள் தடமே விடாது. லாம்ப்டாவை எடுத்துக்கொள்ளுங்கள், விந்தைக் குவார்க் உள்ள துகள், புரோட்டானைவிடச் சற்றே கனம். அதன் ஆயுளையும் ஒளிவேகத்தையும் பெருக்கினால் சுமார் 7.9 சென்டிமீட்டர், அவ்வளவு தூரக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிவிட்டு, மூன்றில் இரண்டு முறை புரோட்டானாகவும் எதிர்மின் பையானாகவும் உடையும். கருவியில் தெரிவது மோதல் புள்ளியிலிருந்து கொஞ்சம் தள்ளி, எங்கிருந்தோ முளைத்த மாதிரி ஒரு ஆங்கில ‘வி’ வடிவம். அந்த இரண்டின் உந்தங்களையும் சேர்த்துத் தாய்த்துகளின் நிறையைக் கணக்கிட்டால் 1115.7 மெகா எலக்ட்ரான் வோல்ட் வர வேண்டும். வரும், ஆனால் ஆயிரக்கணக்கான துகள்கள் உள்ள மோதலில் சம்பந்தமே இல்லாத ஒரு புரோட்டானும் ஒரு பையானும் தற்செயலாகப் பக்கத்தில் வந்து அதே நிறையைக் காட்டுவதும் நிறைய நடக்கும். கோடிக்கணக்கான இணைகளை வரைபடத்தில் போட்டால் தற்செயல் இணைகள் மென்மையான ஒரு மேடாகவும், உண்மையான லாம்ப்டாக்கள் அதன்மேல் 1115.7இல் கூரான சிகரமாகவும் தெரியும். மேட்டைக் கழித்தால் மிச்சம் லாம்ப்டா. குறிப்பிட்ட இந்த இணை உண்மையான லாம்ப்டாவா என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தம் எத்தனை என்று மிக நன்றாகச் சொல்ல முடியும். இந்தத் துறையில் கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான், தனி ஒன்றைப் பற்றித் தெரியாமலே கூட்டத்தைப் பற்றித் துல்லியமாகத் தெரிந்துகொள்வது.

அதே லாம்ப்டாவிடம் இன்னொரு நல்ல குணம் உண்டு. உடையும்போது புரோட்டான் பெரும்பாலும் லாம்ப்டாவின் தற்சுழற்சித் திசையிலேயே கிளம்பும். ஓரமாக மோதும் அணுக்கருக்கள் நடுவில் உண்டாகும் பிளாஸ்மாவைச் சுழற்றிவிடும் என்றால் லாம்ப்டாக்களின் தற்சுழற்சியும் அந்த அச்சின் பக்கம் கொஞ்சம் சாய வேண்டும். ரிக்கின் ஸ்டார் குழு 2017இல் அந்தச் சாய்வை அளந்து, பிளாஸ்மா விநாடிக்குச் சுமார் 9×10²¹ என்ற வீதத்தில் சுழல்கிறது என்று வெளியிட்டது, அதுவரை எந்தத் திரவத்திலும் கண்டிராத சுழல்.

எண்ணி முடித்ததும் வரும் எண் இன்னும் உண்மையான எண் இல்லை. சில துகள்கள் கருவியின் இடைவெளிகளில் நழுவிவிடும், சில நடுவழியில் உடைந்துவிடும், சில கருவியின் சுவரிலேயே மோதிப் புதுத் துகள்களை உண்டாக்கும். அதனால் முழுக் கருவியையும் கணினிக்குள் கட்டி, தெரிந்த எண்ணிக்கையில் போலித் துகள்களை விட்டு, எத்தனை பிடிபடுகின்றன என்று பார்த்து விகிதம் போட்டுத் திருத்துகிறார்கள். சுவாரசியம் குறைந்த வேலைதான், ஆனால் ஒரு முடிவின் பிழை எல்லை பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

மோதல்கள் எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. சில நட்டநடுவில் மோதும், சில ஓரமாக உரசிப்போகும். இரண்டு மையங்களுக்கும் இடையிலான தூரத்தை அளக்க வழியே இல்லை, பத்து ஃபெம்டோமீட்டர் (10⁻¹⁴ மீட்டர்) அளவிலான தூரம் அது. ஆனால் நேராக மோதினால் நிறையத் துகள்கள் வரும், உரசினால் கொஞ்சம் வரும். ஆகவே மோதல்களைத் துகள் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி மேலேயுள்ள 5 சதவீதம் ‘மைய மோதல்’, அடுத்தது இத்தனை என்று பிரிக்கிறார்கள். மோதலில் பங்கெடுக்காத நியூட்ரான்கள் காந்தத்தில் வளையாமல் நேரே போய்விடும், அவற்றைப் பிடிக்க நூறு மீட்டருக்கும் மேலே தள்ளிக் கற்றைக்குழாயோரம் ஒரு கருவி. மிச்ச நியூட்ரான் எத்தனை என்பதும் ஒரு சாட்சி. இந்த எண்ணும் வேலையில் இந்தியாவுக்கு நேரடிப் பங்குண்டு. ஸ்டாரிலும் ஆலிஸிலும் ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) எண்ணிக்கையை அளந்த கருவியைக் கொல்கத்தாவின் மாறுபடு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் முன்நின்று இந்திய நிறுவனங்கள் கட்டின. ஆலிஸின் மியூவான் பகுதிக்கான மானஸ் என்ற சில்லு கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டது.

சரி, எண்ணியாயிற்று. இப்போது பிளாஸ்மா திரவமா வாயுவா என்ற கேள்வி. இதற்கு விடை தந்த அளவீடு என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே மிக அழகானது. ஓரமாக மோதும்போது இரண்டு வட்டங்கள் மேற்பொருந்தும் இடம் பாதாம் பருப்பு வடிவத்தில் இருக்கும். உள்ளே உண்டானது ஒன்றையொன்று கண்டுகொள்ளாத துகள்களின் கூட்டம் என்றால், வெளியே வருபவை எல்லாத் திசையிலும் சமமாகப் பறக்கும், ஆரம்ப வடிவம் மறந்துபோகும். ஒன்றையொன்று இடித்துத் தள்ளும் திரவம் என்றால், குறுகிய பக்கத்தில் அழுத்தம் சட்டென்று குறைவதால் அந்தத் திசையில் அதிகம் தள்ளப்பட்டு அதிகத் துகள்கள் வரும். ஆக, திசைவாரியாக எண்ணினாலே போதும். பிரெஞ்சு இயற்பியலாளர் ஒலித்ரோ இதை 1992இலேயே எழுதியிருந்தார். ரிக்கில் முதல் வருடமே இந்த நீள்வட்ட ஓட்டம் பெரிதாகத் தெரிந்தது. எல்.எச்.சி.யில் 40 முதல் 50 சதவீத வகுப்பு மோதல்களில் ஆலிஸ் அளந்த மதிப்பு சுமார் 0.087, இதைத் திசைக் கணக்காக மாற்றினால் குறுகிய பக்கம் வருவது மற்ற பக்கத்தைவிட 40 சதவீதம் அதிகம். ஊசிமுனை வித்தியாசம் எல்லாம் கிடையாது, கண்ணை உறுத்தும் வித்தியாசம். 2005இல் ரிக்கின் நான்கு குழுக்களும் சேர்ந்து, உண்டானது கிட்டத்தட்ட இழுவையே (பாகுத்தன்மையே) இல்லாத ‘முழுமையான திரவம்’ என்று அறிவித்தன. அதற்கு முன்பு பெரும்பாலோர் வாயுவைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள்.

இதிலும் ஒப்பீட்டுச் சிக்கல் உண்டு. மேற்பொருந்தும் வடிவம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, மோதலுக்கு மோதல் அது மாறும். துகள்களை வைத்தேதான் அதையும் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டிரண்டு துகள்களாக எடுத்துக் கோண வித்தியாசத்தைப் பார்க்கலாம், ஆனால் ஒரே தாய்த்துகளிலிருந்து பிறந்த இரண்டும் ஒரே பக்கம்தான் வரும், அதற்கும் திரவத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் தள்ளித்தள்ளி இருக்கும் துகள்களை மட்டும் இணைத்துப் பார்க்கிறார்கள், அல்லது நான்கு நான்காக எடுத்து இரண்டிரண்டின் பங்கைக் கழித்துவிடுகிறார்கள். நால்வரும் சேர்ந்தே ஒரு பக்கம் சாய்கிறார்கள் என்றால் அது குடும்பப் பாசம் இல்லை, மொத்தக் கூட்டத்தின் நகர்வு.

கழிப்பதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது. ரிக் தரவில் நீள்வட்ட ஓட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, வேகமான ஒரு துகளுக்கு எதிர்ப்பக்கம் ஒற்றை மேடு வராமல் இரட்டை மேடு வந்தது. திரவத்துக்குள் ஒலியைவிட வேகமாகப் பாய்ந்த குவார்க் எழுப்பிய அதிர்ச்சி அலைக்கூம்பு அது என்று பலர் எழுதினார்கள். கேட்கவே நன்றாக இருந்த விளக்கம், திரவத்தின் ஒலிவேகத்தையே அதிலிருந்து எடுத்துவிடலாம் என்ற ஆசையும் இருந்தது. 2010இல் எம்.ஐ.டி.யின் ஆல்வரும் ரோலாண்டும் எளிய ஒரு விஷயத்தைச் சுட்டினார்கள்: அணுக்கரு வழவழப்பான உருண்டை கிடையாது, உள்ளே புரோட்டானும் நியூட்ரானும் மோதும் கணத்தில் அங்கங்கே குவிந்தும் விலகியும் நிற்கும், ஆகவே மேற்பொருந்தும் பகுதி சில சமயம் முக்கோணச் சாயலிலும் அமையும், திரவம் அதையும் வெளியே கொண்டுவரும். அதுவரை சமச்சீர் காரணமாகச் சுழியம் என்று எல்லோரும் ஒதுக்கிவைத்த மூன்றாவது உறுப்பு அது. அதையும் கணக்கில் சேர்த்ததும் இரட்டை மேடு பெரும்பாலும் காணாமல் போயிற்று. பல வருடம் வேறு பெயரில் ஆராய்ந்ததெல்லாம் திரவத்தின் சாதாரண ஓட்டம்தான். தரவு சரியாகவே இருந்தது, கழித்ததுதான் குறைவு. இதனால் திரவக் கருத்து பலவீனப்படவில்லை, இன்னும் உறுதியானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஆரம்பத்தில் இருந்த சிறு மேடு பள்ளங்கள்கூட வெளியே தெரிகின்றன என்றால் இழுவை அவ்வளவு குறைவு.

இன்னொரு பக்கத்தில், ஒப்பீட்டை ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காகத் திட்டமிட்ட ஒரு வேலையும் உண்டு. அதிக ஆற்றலுள்ள குவார்க் பிளாஸ்மாவைக் கடக்கும்போது ஆற்றலை இழக்கும் என்று பியோர்கன் 1982இல் சொன்னார். அளப்பது எப்படி? ஒரு மைய தங்க மோதல் என்பது சுமார் 1000 தனித்தனி நியூக்ளியான் மோதல்களுக்குச் சமம். ஆகவே புரோட்டான்-புரோட்டான் மோதலில் வருவதை 1000ஆல் பெருக்கி, தங்கத்தில் வருவதை அதனால் வகுக்க வேண்டும். விகிதம் 1 என்றால் பிளாஸ்மா ஒன்றும் செய்யவில்லை. ரிக்கின் பீனிக்ஸ் குழு அதிக உந்தமுள்ள பையான்களில் கண்டது சுமார் 0.2, ஐந்தில் நான்கு பங்கு காணோம். உடனே எழும் சந்தேகம், அந்த 1000 தப்பாக இருக்கலாமே? அதற்கு ஃபோட்டான் சாட்சி. குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசை ஃபோட்டானுக்குக் கிடையாது, பிளாஸ்மாவை அப்படியே கடந்துவிடும். அதன் விகிதம் 1ஐ ஒட்டியே வந்தது, அப்படியென்றால் 1000 சரி. அடுத்த சந்தேகம், தங்கத்துக்குள்ளேயே குளுவான்கள் குறைவாக இருந்து பையான்கள் உருவாகவே இல்லையோ? 2003இல் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே உள்ள டியூட்டிரானைத் தங்கத்தோடு மோதவிட்டார்கள், அங்கே பெரிய பிளாஸ்மாவுக்கு இடமில்லை, ஆனால் தங்கம் அதே தங்கம். குறைவு தெரியவில்லை. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் தனித்தனியாக ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்திய இந்த வரிசையை நான் யாருக்கு இயற்பியல் சொன்னாலும் சொல்வேன்.

தலைப்புச் செய்தியின் வெப்பநிலையும் ஃபோட்டான் தந்ததுதான். ஆனால் வரும் ஃபோட்டான்களில் மிகப்பெரும்பாலானவை பிளாஸ்மா அணைந்த பிறகு நடுநிலைப் பையான்கள் உடைந்து வருபவை. அவற்றைக் கழித்தபின் மிஞ்சும் சின்னப் பங்குதான் சூட்டின் ஒளி. பீனிக்ஸ் அந்தக் கழித்தலைச் சமாளிக்க எலக்ட்ரான்-பாசிட்ரான் இணைகள் வழியாக மறைமுகமாகப் போய், 2010இல் 221 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று வெளியிட்டது, சுமார் 2.5 லட்சம் கோடி டிகிரி. விரிந்து கொண்டிருக்கும் மூலத்திலிருந்து வரும் ஒளி என்பதால் நம்மை நோக்கிய நகர்வும், ஆரம்பம் முதல் கடைசி வரையிலான பல வெப்பநிலைகளும் அந்த ஒரே எண்ணில் கலந்திருக்கின்றன. எந்தக் கணத்தின் சூடு என்று கேட்டால் அந்த எண் தனியாகப் பதில் சொல்லாது, திரவ மாதிரியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்காகவே ஒரு மொத்த வருட ஓட்டத்தை ஒதுக்கியதும் உண்டு. உரசும் மோதலில் ஒரு கணம் சுமார் 10¹⁴ டெஸ்லா காந்தப்புலம் உண்டாகும். அதில் நேர்மின், எதிர்மின் துகள்கள் புலத்தின் திசையில் மேலும் கீழுமாகப் பிரியலாம் என்று ஒரு கோட்பாடு, நிரூபணமானால் வலுவிசையின் ஆழமான ஒரு சமச்சீர் பற்றிச் செய்தி சொல்லும். ஸ்டார் தரவில் பிரிவு போல ஒன்று 2009 முதலே தெரிந்தது. ஆனால் எல்.எச்.சி.யின் சி.எம்.எஸ். குழு புரோட்டான்-ஈய மோதலில் பார்த்தபோதும் அதே அளவு தெரிந்தது, அங்கே காந்தப்புலத்தின் திசைக்கும் துகள் ஓட்டத்தின் திசைக்கும் தொடர்பே இருக்க முடியாது. அப்படியென்றால் தெரிவதில் பெரும்பங்கு சாதாரண ஓட்டத்தின் வேடம். இதைத் தீர்க்க 2018இல் ரிக்கில் ருத்தேனியம், சிர்க்கோனியம் இரண்டையும் ஓட்டினார்கள். இரண்டிலும் 96 நியூக்ளியான்கள், ஆகவே ஓட்டம் ஏறக்குறைய ஒன்றே. ருத்தேனியத்தில் 44 புரோட்டான், சிர்க்கோனியத்தில் 40, ஆகவே காந்தப்புலம் ருத்தேனியத்தில் பலமானது. விளைவு உண்மை என்றால் ருத்தேனியத்தில் அதிகம் தெரிய வேண்டும்.

இங்கே அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பகுப்பாய்வு செய்பவர்களுக்கு எது எந்தத் தரவு என்று சொல்லவில்லை. முதலில் இரண்டையும் கலந்து கொடுத்து நிரல்களை எழுதவைத்து, நிரலை உறையவைத்து, எது வந்தால் ‘கண்டோம்’ என்று சொல்வோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, பிறகுதான் பெயர்களைத் திறந்தார்கள். ஐந்து குழுக்கள் தனித்தனியாகச் செய்தன. ஒவ்வோர் இனத்திலும் சுமார் 200 கோடி மோதல்கள், துல்லியம் 0.4 சதவீதம் வரை. 2021இல் திறந்தபோது எழுதிவைத்த நிபந்தனை நிறைவேறவில்லை, விகிதம் 1க்கு மேலே வருவதற்குப் பதில் கீழே வந்தது. ஏனென்றால் அந்த இரண்டும் நினைத்த அளவுக்கு இரட்டையர் இல்லை. வடிவத்திலும் நியூட்ரான்களின் பரவலிலும் வித்தியாசம் இருந்து, ருத்தேனியம் சில சதவீதம் கூடுதலாகவே துகள்களைக் கொட்டியது. அந்தத் துல்லியத்தில் இந்த வித்தியாசம் பெரியது. தேடியது கிடைக்கவில்லை, ஆனால் கோடிக்கணக்கான மோதல்களின் விகிதத்தை எடுத்தால் அமைதியாக இருக்கும் அணுக்கருவின் வடிவத்தையே படிக்கலாம் என்பது தெரிந்துவிட்டது. ஸ்டார் குழு 2024இல் யுரேனியத்தின் நீண்ட வடிவத்தை இந்த வழியிலேயே அளந்து வெளியிட்டது.

இன்றைக்கு ஒப்பீட்டில் இருக்கும் பெரிய குழப்பம், அடிமட்டமே ஆடுவதுதான். புரோட்டான்-புரோட்டான் மோதலில் பிளாஸ்மா கிடையாது, அதுதான் அளவுகோல் என்று பல வருடம் நம்பினார்கள். 2010இல் சி.எம்.எஸ். அதிகத் துகள்கள் வரும் புரோட்டான் மோதல்களை மட்டும் பொறுக்கிப் பார்த்தபோது, தூரத்தூரத் துகள்கள் ஒரே பக்கம் சாயும் அதே கூட்டு நகர்வு அங்கேயும் தெரிந்தது. 2017இல் ஆலிஸ், விந்தைக் குவார்க் துகள்களின் விகிதமும் புரோட்டான் மோதலிலேயே எண்ணிக்கை கூடக்கூட ஏறிப் பெரிய மோதல்களின் அளவை நோக்கிப் போகிறது என்று காட்டியது. ஆனால் அதிவேகத் துகள்களின் ஆற்றல் இழப்பு மட்டும் புரோட்டான்-ஈயத்தில் தெரியவில்லை. ஓட்டம் இருக்கிறது, இழப்பு இல்லை. இரண்டும் ஒரே திரவத்தின் வேலை என்றால் ஏன் சேர்ந்து வரவில்லை?

இடைப்பட்ட அளவில் ஏதாவது ஒன்றை மோதவிட்டுத்தான் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் எல்.எச்.சி.யில் முதல்முறையாக ஆக்சிஜனை ஆக்சிஜனோடும், நியானை நியானோடும் சில நாட்கள் ஓட்டினார்கள். 16 நியூக்ளியான்களும் 20 நியூக்ளியான்களும், ஈயத்தின் 208க்கு முன்னால் ரொம்பச் சின்னவை. ஓட்டம் இரண்டிலும் தெரிந்தது, நியானின் நீண்ட வடிவத்துக்கு ஏற்ற வித்தியாசத்தோடு. அதே ஆண்டு முடிவதற்குள் சி.எம்.எஸ். குழு ஆக்சிஜன் மோதலில் அதிக உந்தத் துகள்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருகின்றன என்றும் அறிவித்தது. அந்தக் குறைவில் எவ்வளவு பிளாஸ்மாவில் இழந்தது, எவ்வளவு ஆக்சிஜன் அணுக்கருவுக்குள் முதலிலேயே குறைவாக இருந்த குளுவான்களால் வந்தது என்று பிரிக்க, தங்கத்துக்கு டியூட்டிரான் செய்த வேலையை இங்கே செய்ய ஒரு சாட்சி வேண்டும். அதே ஜூலையில் புரோட்டானையும் ஆக்சிஜனையும் மோதவிட்ட தரவும் எடுத்துவைத்திருக்கிறார்கள்.